குழாய் ஹலாலா மனே?

வா மனே, வா. தோள்ல என்ன, பாம்பா? கல்முனையில பஸ் ஏறி இவ்வளவு தூரமும் பச்சைப் பாம்பொண்டத் தூக்கிக்கொண்டு வந்திரிக்காய். பக்கத்துச் சீட்டுக்காரன் ஒழும்பிப் போயிருப்பானே? பயத்துல இல்ல, மணத்துல.

இரி, அந்த வாங்குல இரி. மூத்தம்மா பிளேன்ரீ கொண்டு வருவா. அதுக்கு முந்தி அந்தக் குழாய இஞ்சால தா பாப்பம். முப்பது அடி இரிக்கும் போல. நல்ல குழாய்தான். கத்தரித் தோட்டத்துக்கு இதப் போல ஒண்டு நானும் தேடிக்கொண்டுதான் இரிக்கன். என்ன? ஜிஞ்சர் பியர் இழுக்கவா? அஸ்தஃபிருல்லாஹ்.

சிரிக்கல்ல மனே, இருமினன். நீ சொல்லு.

ம். ஏப்ரல் பிறந்தா வெள்ளைக்காரன் பலகையக் கக்கத்துல இடுக்கிக்கொண்டு இந்த அறுகம்பை உல்லைக்கு வருவான். ஒக்டோபர் மட்டும் அலைக்குப் பின்னால அலைவான். வெயில்ல தொண்டை காயும். நீ இஞ்சித் தண்ணி விப்பாய். காசு சேரும். அந்தக் காசுல கலியாணம் முடிப்பாய். திட்டத்துல ஒரு குறையும் இல்ல. நாலு கபானாவ வாடகைக்கு விட்டு இவனுகளோட காலம் தள்ளின எனக்கு அவனுகள்ட தாகம் தெரியாதா? பொத்துவிலுக்கு அங்கால ஒரு அலை முறியிற இடத்துக்கு விஸ்கி பொயின்ட் எண்டு பேர். அஞ்சு நேரமும் பாங்கு கேக்கிற ஊர்ல விஸ்கி பொயின்ட்! நீ அதுக்குப் பக்கத்துல இஞ்சிப் பொயின்ட் போட்டா ஆர் வேணாமெண்டு சொல்லப் போறான்?

இஞ்சி எங்க வாங்கினாய்? சரி. சீனி? சரி. தண்ணி கொதிக்க வச்சி ஆறப் போட்டதா? மாஷா அல்லாஹ். கோழி வாங்கினா முத்திரை இரிக்கா எண்டு பாக்கிறாய். இனிப்புப் பக்கட்டக் கண்டா ஜெலட்டின் கிடக்கா எண்டு திருப்பித் திருப்பிப் படிக்கிறாய். எல்லாம் சரி மனே. குழாயப் பத்தி ஆருட்டக் கேட்டாய்?

கடைக்காரனுட்டயா? நல்லது எண்டு சொன்னானா? அவன் குழாய் விக்கிறவன், கெட்டது எண்டா சொல்லுவான்?

குர்ஆன்ல சாப்பாட்டப் பத்தி வாற இடங்கள்ல ஹலாலோட சேந்தே தய்யிப் எண்டு இன்னொரு சொல்லும் வரும். நல்லது, சுத்தமானது எண்டு அர்த்தம். உனக்கும் ஓதித் தந்திரிப்பானுகள், நீ அப்ப கிரிக்கட் பாத்திரிப்பாய். நாம ஹலாலப் புடிச்சிக்கொண்டம். தய்யிபச் சந்தியிலயே இறக்கி விட்டுட்டம். பண்டி எண்ணெய் இல்லையெண்டா காணும், டயர் மணத்தாலும் பிஸ்மில்லாஹ் சொல்லி விழுங்கிடுவம்.

டயர் எண்டது சும்மா வாய்க்கு வந்த சொல்லில்ல. நான் தின்ன டயர்.

உன்ட உம்மாட கலியாணம் நடந்த நேரம். மூத்தம்மா தேங்காத் தண்ணியில வினாகிரி போட்டிருந்தா, அந்தா மூலையில இரிக்கே, அந்தச் சாடிக்குள்ள. கலியாணத்துக்கு அச்சாறு போடோணும். சாடியில அடியில மண்டி. மண்டி கலங்காம மேலால தெளிவ மட்டும் எடுக்கோணும். அவ அகப்பையால அள்ளப் போனா. நான் விடல்ல. கிணத்தடியில கிடந்த குழாயில நாலடி வெட்டி, ஒரு தலைய சாடிக்குள்ள விட்டு, மத்தத் தலையில உறிஞ்சி, கண்ணாடி மாதிரி வினாகிரி இறக்கிக் குடுத்தன். "மனுசனுக்கு மூளை இரிக்கு" எண்டு அண்டைக்கு ஒருக்காத்தான் அவ சொன்னது.

மாப்பிள்ளை ஊட்டுப் பெரியவர் ஒராள் அச்சாற ஒரு கரண்டி வாயில வச்சார். மெண்டார். நிப்பாட்டினார். என்னக் கிட்டக் கூப்பிட்டு, "மச்சான், பழைய டயரும் வெட்டிப் போட்டிரிக்கீங்களா?" எண்டு கேட்டார். உன்ட வாப்பாக்கு அண்டைக்கு வயித்துக்கோளாறு, அச்சாறு தொடல்ல. அதாலதான் நீ பிறந்தாய்.

2004ல கடல் வந்து ஊட்டையும் கொண்டு போய், அந்த அறுகம்பைப் பாலத்தையும் உடைச்சிப் போட்டிச்சு. சாடி மட்டும் வேலியோரம் மணலுக்குள்ள கழுத்து மட்டும் புதைஞ்சு கிடந்திச்சு. மூத்தம்மா அதத் தோண்டி எடுத்து, கழுவி, முதல் சொன்ன சொல் என்ன தெரியுமா? "இதுக்குக் கிட்ட நீங்க குழாயக் கொண்டு வரப்போடா." சுனாமி மறந்திச்சு, குழாய் மறக்கல்ல.

சரி, மணம் எங்கால வந்திச்சு? பீவீசி எண்டது பிறக்கக்குள்ள எலும்பு மாதிரி விறைப்பு. கிணத்துப் பைப்பெல்லாம் அந்தச் சாதிதான். அதப் பாம்பு மாதிரி வளைக்கோணுமெண்டா எண்ணெய் போல ஒரு மெதுவாக்கிய உள்ள கலக்கோணும். தாலேற்று எண்டு ஒரு குடும்பம் இரிக்கு, அனேகமா அதுதான். அது பிளாஸ்டிக்கோட நிக்காஹ் செஞ்சிக்கொண்டதில்ல மனே, வாடகைக்கு இரிக்கிறது. சூடு பட்டா, எண்ணெய் பட்டா, சாராயம் பட்டா மெல்ல ஊட்ட விட்டு இறங்கிடும். எங்க போகும்? நீ குடிக்கிற கோப்பைக்குள்ளதான். தோட்டக் குழாய்க்குள்ள என்னென்ன கிடக்கெண்டு எவனும் எழுதி ஒட்டுறல்ல. கத்தரிக்காய் முறைப்பாடு குடுக்காது பாரு.

கூட்டாளி ஒருத்தன் சேலைன் குழாய் எடுத்துத் தாறன் எண்டானா? அவன் நல்ல கூட்டாளி, ஆசுபத்திரியே உனக்குத் தருவான். அதுவும் அனேகமா மெதுவாக்கி போட்ட பீவீசிதான். ஒருக்காப் பாவிச்சு எறியச் செஞ்சது, சுடுதண்ணியக் கண்டா தொய்ஞ்சிடும். மீன் தொட்டிக் குழாயா? அது மீனுக்குக் காத்துப் போக. கொடுக்காப்புளி விதை போனாலும் அடைச்சிக்கொள்ளும். பத்து லீற்றர் இஞ்சித் தண்ணி அதால இறங்கி முடியக்குள்ள சீசன் முடிஞ்சிரும்.

இன்னொரு குழாயும் உங்கட ஊட்டுக் கூரைக்குள்ள சுருண்டு கிடக்கும், எனக்குத் தெரியும். 2022, பெற்றோல் வரிசைக் காலம். ஜூலையில கியூஆர் வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், திரீவீலுக்கு 5 லீற்றர் எண்டு அளந்து தந்தானுகள். அந்தச் சொட்ட டாங்கியால இழுத்துப் போத்தல்ல ஒளிச்சி வைக்காதவன் ஆர்? ஊர்ல பாதிப்பேர் வாயால குழாய் உறிஞ்சப் பழகினது அப்பதான். உன்ட மாமா ஒரு வாய் பெற்றோல் குடிச்சிட்டு மூணு நாள் சிகரட் பத்த வைக்கப் பயந்து திரிஞ்சான். அந்தக் குழாயச் சவுக்காரம் போட்டுக் கழுவி எடுக்கலாமெண்டு நினைச்சிடாத. அதே மாதிரி, நாளைக்கு நீ நல்ல சிலிக்கோன் குழாய் வாங்கினா, பெற்றோல் இழுக்க எவன் இரவல் கேட்டாலும் குடுக்காத. பெற்றோல் பட்டா சிலிக்கோன் ஊதிப் பெருத்துப் போகும்.

ஓம், சிலிக்கோன்தான் உனக்கு வேணும். இவ்வளவும் கேட்டுட்டு இப்பதான் கண்ணத் திறக்கிறாய்.

சிலிக்கோன் எங்கால வருது தெரியுமா? உன்ட காலுக்குக் கீழ பாரு. இந்த மணல்ல மினுங்குதே, சிலிக்கா, அதுதான் அதுக்கு மூத்தவாப்பா. அந்தச் சாதிக் கல்ல உருக்கிச் சிலிக்கன் எடுத்து, அதில இரிந்து செய்யிறது. கொதிதண்ணி அதுக்கு வெந்நீர்க் குளிப்பு. 200 பாகைக்கும் அசையாது, ஐஸ் பெட்டிக்குள்ள போட்டாலும் விறைக்காது. வளையிறதுக்கு மெதுவாக்கி வேணாம், பிறவியிலயே வளையும்.

ஆனா சிலிக்கோன் எண்டு சொல்லி விக்கிறதெல்லாம் சிலிக்கோனில்ல. ஒரு துண்டு வெட்டிக் கொளுத்திப் பாரு. ஊட்டுக்கு வெளியில, காத்தடிக்கிற பக்கமா நிண்டு கொளுத்து, மூத்தம்மா காணாம. பீவீசி எண்டா கறுத்த புகை, மூக்கப் பிக்கிற காரம். சிலிக்கோன் எண்டா ஆறுதலா எரிஞ்சு வெள்ளைச் சாம்பலாகும். அந்தச் சாம்பலும் சிலிக்காதான். உல்லை மணலுக்கு ஒண்டுவிட்ட தம்பி.

சிலிக்கோன் எண்டு தெரிஞ்ச உடனே வாய்க்கு நல்லதெண்டும் முடிவெடுக்காத. நுள்ளி முறுக்கிப் பாரு. முறுக்கின இடம் வெள்ளையா வெளிறினா உள்ள மலிவுத் தூள் நிரப்பியிருக்கான் எண்டு சந்தேகப்படு. மிளகாய்த்தூளுக்குள்ள அரிசி மா கலக்கிற சாதி எல்லாத் தொழில்லயும் இரிக்கு. சந்தேகந்தான், தீர்ப்பில்ல. சாயம் போட்ட குழாயில அது விளங்காது, அதால கண்ணாடி மாதிரித் தெளிவா இரிக்கிறத எடு. உள்ளுக்கு ஊத்தை புடிச்சாலும் தெரியும்.

இப்ப உறைக் கதைக்கு வா. பொத்துவில் எருமைத் தயிர் தின்னு வளந்தவன் நீ, உறை விளங்கும். சிலிக்கோன் முதல்ல பசை. பால்ல உறை குத்தித் தயிராக்கிற மாதிரி அதையும் உறைய வச்சித்தான் ரப்பராக்குறானுகள். ரெண்டு உறை இரிக்கு. ஒண்டு பெரொக்சைட்டு, மற்றது பிளாட்டினம். பெரொக்சைட்டு மலிவு. ஆனா வேலை முடிஞ்ச பிறகும் எச்சம் உள்ள கிடக்கும், மறுகா ஒருக்கா அடுப்புல நல்லா வாட்டினாத்தான் அது போகும். அவசரத்துல வாட்டாம விட்டவன்ட குழாய்ல நாள் போக வெள்ளைப் பொடி பூக்கும், கருவாட்டுல உப்புப் பூக்கிற மாதிரி. பிளாட்டினத்துல அந்தக் கரைச்சல் இல்ல. மணமும் இல்ல, ருசியும் இல்ல. விலை கூட. உள்ள இரிக்கிற பிளாட்டினம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான், அடகு வைக்க ஏலாது. எண்டாலும் பொண் பாக்கப் போற ஊட்டுல "நான் பிளாட்டினம் வாங்கிற ஆள்" எண்டு பொய் சொல்லாமச் சொல்லலாம்.

பக்கட்டுல என்ன பாக்கிறது? கிண்ணமும் முள்ளுக்கரண்டியும் கீறின ஒரு குறி இரிக்கும். சாப்பாட்டோட முட்டலாம் எண்டதுக்கு ஐரோப்பாக்காரன் வச்ச அடையாளம். அமெரிக்காக்காரன்டது எஃப்.டி.ஏ. மூணெழுத்து மட்டும் அடிச்சிருந்தா அது மூணெழுத்துத்தான். 177.2600 எண்டு இலக்கத்தோட போட்டிருந்தா, திரும்பத் திரும்ப உணவுக்குப் பாவிக்கிற ரப்பருக்கான விதி அது, கொஞ்சம் மரியாதை குடு. கொஞ்சந்தான். மையும் கடதாசியும் தந்தா நானும் அடிப்பன்.

அதுக்குத்தான் அல்லாஹ் மூக்குத் தந்திரிக்கான். குழாயில ஒரு முழம் எடுத்து, ரெண்டு தலையையும் மேல தூக்கிப் புடிச்சு, கொதிதண்ணி ஊத்திப் பத்து நிமிசம் வை. மறுகா அத ஒரு கோப்பையில ஊத்து. பக்கத்துல இன்னொரு கோப்பையில சும்மா கொதிச்ச தண்ணி. ரெண்டும் ஆறட்டும். மோந்து பாரு, ஒரு மிடறு குடிச்சும் பாரு. வித்தியாசம் தெரிஞ்சா கடைக்காரனுட்டத் திருப்பிக் குடு. அவன் வாங்க மாட்டான். அப்ப அந்தக் குழாயும் கத்தரிக்கு.

இதெல்லாம் உல்லையில படிச்சதில்ல. சவூதியில ஒரு பால் கொம்பனியில குழாய் கழுவினவன் நான். கழுவுறது எண்டு இளக்காரமாப் பாக்காத, அங்க குழாய் கழுவுறவன் சரியில்லையெண்டா ஒரு லொறிப் பால் மண்ணுக்குப் போகும். ஒவ்வொரு குழாய்லயும் திகதி கட்டியிருக்கும். நாள் வந்தா, பாக்கப் புதுசு மாதிரி இருந்தாலும் வெட்டி எறிவானுகள். நான் ஒருக்கா எறிஞ்ச துண்ட ஊருக்குக் கொண்டு வர ஒளிச்சி வச்சன். மேற்பார்வைக்காரன் கண்டுட்டான். என்ன சொன்னான் எண்டு உன்ட வயசுக்குச் சொல்ல ஏலாது.

அளவு. உள்விட்டம் 10 இல்லாட்டி 12 மில்லிமீற்றர். சுவர் 3 மில்லிமீற்றர் தடிப்பு. மெல்லிசா எடுத்தா இழுக்கக்குள்ள வாய் சப்பினாப் போல ஒட்டிக்கொள்ளும், வளைவுல மடிஞ்சிடும். ஆறடி காணும் மனே. முப்பது அடி என்னத்துக்கு? பாணமைக்கா இஞ்சித் தண்ணி அனுப்பப் போறாய்?

வாயால உறிஞ்சாத. பெற்றோலுக்கு அது உனக்குக் கேடு, இஞ்சித் தண்ணிக்கு அது குடிக்கிறவனுக்குக் கேடு. உன்ட வாய்க்குள்ள இரிக்கிற கிருமியெல்லாம் போத்தலுக்குள்ள குடியேறிப் புளிக்க வச்சிடும். குழாய் நிறையக் கொதிச்சாறின தண்ணிய நிரப்பி, விரலால பொத்தி, ஒரு தலைய மேல் அண்டாக்குள்ள, மத்தத் தலையக் கீழ் ஏனத்துக்குள்ள விட்டு விரல எடு. மேல இரிக்கிறது கீழ தானா வரும். சீனிப்பாணி எண்டா ஆவி அடங்கின பிறகு இழு, கொதிக்கக் கொதிக்க இழுத்தா கை வெந்திடும்.

வேலை முடிஞ்ச உடனே கழுவு, நாளைக்கு எண்டு போடாத. நீ நாளைக்கு எண்டு சொன்ன நாள் இன்னும் வரல்ல. பத்து நிமிசம் அவிச்சு, உதறி, ரெண்டு தலையும் கீழ தொங்கக் காய விடு. உள்ளுக்கு ஈரம் நிண்டா பூஞ்சணம். இஞ்சிக் குழாய் இஞ்சிக்கு மட்டும். சிலிக்கோன் வாசம் புடிச்சா லேசுல விடாது, எங்கட ஊர்ச் சொந்தக்காரர் கோபம் மாதிரி. அந்தக் குழாயாலயே கோப்பித் தண்ணியும் இழுத்தா ரெண்டும் கெட்டுப் போகும். அதோட சிலிக்கோனுக்குள்ளால காத்து உள்ள வரும். தண்ணி ஒழுகாது, காத்துத்தான். அதால இழுத்து முடிஞ்ச பிறகு குழாய்க்குள்ள தண்ணிய நிப்பாட்டி வைக்காத.

இனி, ஆகப் பெரிய கதை. ஈஸ்ட் போடப் போறாயா?

போட்டா, ஒரு கிழமை வச்சிருந்தா, அது பியர் எண்ட பேருக்கு உண்மையா நடந்துகொள்ளும். ரசூலுல்லாஹ்ட காலத்துல பேரீச்சம்பழத்தத் தண்ணியில ஊறப்போட்டுக் குடிச்சிரிக்காங்க, நபீத் எண்டு. மூணாம் நாள் தாண்டினா அதக் குடிக்க மாட்டாங்க எண்டு ஹதீஸில இரிக்கு. அது அரபுநாட்டுப் பேரீச்சம்பழம். இது உல்லை வெயில்ல நிக்கிற சீனித் தண்ணி, எத்தின நாள் எண்டு மௌலவியிட்டக் கேளு, என்னட்டக் கேக்காத. என்ட சாடிக்குள்ளயும் தேங்காத் தண்ணி வினாகிரியாகிறதுக்கு முந்தி நடுவுல என்ன நடக்குதெண்டு நான் மூடியத் திறந்து பாக்கிறல்ல. முடிவு வினாகிரி. வினாகிரி நல்ல கறி எண்டு ஹதீஸ் இரிக்கு. அது காணும்.

உன்ட வாடிக்கைக்காரன் சொல்லுவான், எங்கட நாட்டுல ஊட்டுலயே பியர் காச்சிறம் எண்டு. காச்சுவான். இங்கிலாந்துல 1963ல அனுமதிப்பத்திரம் வேணாமெண்டு விட்டுட்டான், அமெரிக்காவுல 1978ல சட்டம் வந்திச்சு. இஞ்ச 1912ல போட்ட மதுவரிச் சட்டம் இன்னும் உசிரோட இரிக்கு. மதுவரிக்காரன் வந்து நிக்கக்குள்ள "சேர், குழாய் பிளாட்டினம்" எண்டு காட்டுவியா?

ஈஸ்ட்ட விடு. இஞ்சிய இடிச்சு, சீனியோட நல்லாக் காய்ச்சி, வடிச்சு, தேசிக்காய் புளிஞ்சு பாணியாக்கு. ஆவி அடங்கின சூட்டோட போத்தல்ல இறக்கு, சிலிக்கோன் தேவைப்படுறதே அந்தச் சூட்டுக்குத்தான். ஐஸ் பெட்டியில வை. வெள்ளைக்காரன் வந்து நிண்டா சோடா ஊத்திக் குடு. போத்தல் வெடிக்காது, மௌலவி வெடிக்கமாட்டார், பீ.எச்.ஐ. சோதிக்க வந்தாலும் ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போவார். யானை மார்க் ஜிஞ்சர் பியர்க் கொம்பனி 1866ல கொழும்புல ஐஸ் செய்யத் தொடங்கின கொம்பனி. நீ அதோட போட்டிக்குக் கிளம்பியிருக்காய், தோட்டக் குழாயோட.

பிளேன்ரீ வந்திட்டு, குடி. குடிச்சிட்டு, கொழும்புக்குப் போறவன் ஆரெண்டு பாத்துப் புறக்கோட்டையில நல்லதா விசாரிச்சு ஆறடி எடுத்துவரச் சொல்லு. இல்ல, எட்டடி எடு. ரெண்டடி எனக்கு. சாடியில வினாகிரி முத்திப் போய்க் கிடக்கு, கிழவி என்னக் கிட்டப் போக விடுறாளில்ல. பிளாட்டினம் எண்டு சொன்னா விடுவா. காசு நீ குடு, சீசன் முடியக் கணக்குப் பாப்பம்.

அந்தப் பச்சைப் பாம்ப எங்க தூக்கிறாய்? இஞ்ச வச்சிட்டுப் போ. கத்தரி வாடுது.